உருப்போடுதல்

1898 நவம்பர் 18. லண்டனில் ஒரு மண்டபம். இருபத்துமூன்று வயது இளைஞன் ஒருவனின் கண்ணைக் கட்டி, இடுப்பில் மூன்று சுற்றுக் கயிறு சுற்றி உள்ளே நடத்திப் போனார்கள். இங்கே கற்பதை வெளியில் சொன்னால் மின்னல் தாக்கியவன்போல் விழுந்து சாகவோ முடங்கவோ தனக்குச் சம்மதம் என்று அவன் சத்தியம் செய்தான். சடங்கு முடிந்தது, கட்டு அவிழ்ந்தது, கைக்குப் பாடம் வந்தது. எபிரேய நெடுங்கணக்கின் இருபத்திரண்டு எழுத்துகள். பன்னிரண்டு ராசிகளின் குறிகள். ஏழு கிரகங்களின் குறிகள். கபாலா என்ற யூத மறைஞான மரபு சொல்லும் பத்துப் படிநிலைகளின் பெயர்கள். அவ்வளவுதான்.

அலைஸ்டர் குரோலி என்ற அந்த இளைஞர் பிற்காலத்தில் தன் கதையை எழுதும்போது இந்த இடத்துக்கு வந்ததும் கேலியில் இறங்குகிறார். சின்ன வகுப்புப் பையன் ஒரே நாளில் ஒப்பித்துவிடக்கூடிய சங்கதி, இதற்கா அவ்வளவு பயங்கரமான சத்தியம்?

நான் முப்பத்தொரு வருடம் அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். வாரம் தவறாமல் பாடக்குறிப்பு எழுதித் தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கியவன். குரோலியின் அந்தப் பக்கத்தைப் படித்தபோது இந்த ஆளை ஏற்கெனவே தெரியுமே என்று தோன்றியது. ஜூன் மாதம், ஒன்பதாம் வகுப்பு, முதல் பெஞ்சு. கிரகணம் எப்போது வரும் என்று இந்த வருடமே கணக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்திருப்பான். நான் கரும்பலகையில் இரண்டு அடைப்புக்குறி போட்டு, கணம் என்றால் என்ன என்று ஆரம்பிப்பேன். அவன் முகம் தொங்கிப்போகும். வருடா வருடம் பார்த்திருக்கிறேன்.

அந்த முகம் தொங்காமலிருக்க ஒரு வழி உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்தும் பார்த்தேன். முதல் நாளே நினைத்த எண்ணைச் சொல்லும் வித்தை, மாயச்சதுரம், பிறந்த தேதியிலிருந்து கிழமை கண்டுபிடிப்பது. வகுப்பு கைதட்டியது. பக்கத்து வகுப்பு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தது. ஆகஸ்டில் தாள் திருத்தும்போதுதான் தெரிந்தது, பிள்ளைகள் என்னை வேடிக்கை பார்த்திருக்கிறார்களே தவிரக் கணக்கைத் தொடவே இல்லை என்று. அதற்குப் பிறகு முதல் நாள் ஏமாற்றத்துக்கு நான் பயந்ததில்லை. அதைக் குறைத்துக் கொடுக்கவும் முயன்றதில்லை.

குரோலி சேர்ந்த சங்கத்தின் பெயர் கோல்டன் டான், பொன் விடியல். 1888இல் லண்டனில் தொடங்கப்பட்டது. தொடங்கிய மூவரும் ஃப்ரீமேசன்கள். வெஸ்ட்காட், சந்தேக மரணங்களை விசாரிக்கும் அரசு அதிகாரி. உட்மேன் மருத்துவர். மூன்றாமவர் மேதர்ஸ், பிரிட்டிஷ் மியூசிய நூலகமே கதியென்று கிடந்தவர். சங்கத்தின் மூல ஆவணமாகக் காட்டப்பட்டவை, சங்கேத எழுத்தில் எழுதிய சுமார் அறுபது தாள்கள். பதினாறாம் நூற்றாண்டுப் புத்தகம் ஒன்றில் உள்ள குறியெழுத்தை வைத்துப் படித்தால் உள்ளே இருந்தது சாதாரண ஆங்கிலம். அந்தத் தாள்களில் பேருண்மை எதுவும் கிடையாது. யார் எங்கே நிற்க வேண்டும், யார் எதைக் கையில் வைத்திருக்க வேண்டும், எந்தப் படியில் எதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்ற சுருக்கக் குறிப்புகள். அந்த எலும்புக்கூட்டின்மேல் மேதர்ஸ் சதை வைத்துச் சடங்குகளை எழுதினார். சங்கத்துக்கு அனுமதி தந்ததாகச் சொல்லப்பட்ட ஜெர்மானியப் பெண்மணியின் கடிதங்கள் போலி என்பதே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் முடிவு. எனக்கு அதைப் பற்றிக் கவலையில்லை. யாரோ எழுதிவைத்த பாடக்குறிப்பைச் சுற்றி ஒரு பள்ளிக்கூடம் எழுந்தது என்பதுதான் எனக்குச் சுவாரசியம்.

பள்ளிக்கூடம் என்பதை உவமையாகச் சொல்லவில்லை. அங்கே வகுப்புகள் இருந்தன; கீழ் அடுக்கில் புதியவர் நிலையும் அதற்கு மேல் நான்கு நிலைகளும். ஒவ்வொரு நிலைக்கும் பாட உரை, எழுத்துத் தேர்வு. தேர்ச்சி பெற்றால்தான் அடுத்த சடங்கு. சங்கத்தின் கிளைக்குக் கோயில் என்று பெயர். கோயிலுக்கு மூன்று தலைவர்கள். அவர்களில் ஒருவர் கற்பித்தலுக்கு, ஒருவர் பதிவேடுகளுக்கு. பாடத்தாள்களை உறுப்பினர்கள் இரவல் வாங்கி, கையால் படியெடுத்துக்கொண்டு, திருப்பித் தர வேண்டும். செயல்முறை மந்திரம் என்று சொல்லத்தக்கதெல்லாம் மேல் அடுக்குக்குப் போன பிறகுதான். அங்கே போனவர் தன் கோலையும் கத்தியையும் கிண்ணத்தையும் தானே செய்து, தானே வண்ணம் பூச வேண்டும். கீழ் அடுக்கில் இருப்பவருக்கு அன்றாடம் செய்துவரக் கிடைத்தது ஒரே ஒரு சிறு சடங்கு. கிழக்கில் தொடங்கி நான்கு திசைக்கும் காற்றில் ஐங்கோண நட்சத்திரம் வரைந்து, திசைக்கொரு தேவதூதனை மனக்கண்ணில் நிறுத்துவது. பெண்களையும் ஆண்களுக்குச் சமமாகச் சேர்த்துக்கொண்டார்கள். விக்டோரியா ராணி காலத்து லண்டனில் இது சாதாரணமல்ல.

எங்கள் அம்மாவின் அண்ணன், பெரிய மாமா, இருபது வயதில் விஷக்கடிக்குப் பார்க்கக் கற்றுக்கொள்ளப் போனவர். பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் இருந்தாராம். காசு வாங்க மாட்டார். வாங்கினால் மந்திரம் பலிக்காது என்பது அந்தத் தொழிலின் சட்டம். நான் சின்னப் பையனாக இருந்தபோது மாமாவிடம் கேட்டேன்.

"மாமா, அவரு என்ன சொல்லிக்குடுத்தாரு?"

"என்னத்தச் சொல்லிக்குடுத்தாரு... ஆறு மாசம் வேப்பங்கொழுந்து பறிச்சிக் குடுத்தேன். தண்ணி எறைச்சேன். கடி பட்டு வர்றவங்களுக்குப் பாய் போட்டேன்."

"மந்திரம்?"

"கிரகணம் வரட்டும்னாரு. கழுத்தளவு தண்ணியில நின்னு சொல்லணுமாம். அதுக்குள்ள எனக்கு மில்லுல வேலை கெடச்சிடுச்சிடா."

மாமாவுக்குக் கடைசிவரை அந்தக் குறை இருந்தது. பெரியவர் ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்தார். ஆனால் தெருவில் யாருக்காவது தேள் கொட்டினால் மாமாதான் முதலில் போவார். என்ன கொட்டியது, எப்போது, கறுப்பா செந்நிறமா, வாந்தி உண்டா, கண் சொருகுகிறதா என்று வரிசையாகக் கேட்பார். பதில் சரியில்லை என்றால் வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார். பாய் போட்ட ஆறு மாதத்தில் கற்றது அது. தான் கற்றோம் என்பதே அவருக்குத் தெரியாது. பாம்புக் கடி என்றால் கேள்வியே கிடையாது, ஆஸ்பத்திரிதான்.

தமிழில் ஒரு சொல் எனக்கு எப்போதும் ஆச்சரியம். மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வது உருவேற்றுவது. லட்சம் உரு, பத்தாயிரம் உரு என்று அதற்குக் கணக்கு. வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்வதும் உருப்போடுவதுதான். மந்திரவாதிக்கும் மூன்றாம் வகுப்புப் பையனுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்திருக்கிறார்கள் நம் ஆட்கள். ஓதுவது என்ற சொல்லும் அப்படித்தான். பாடத்தை ஓதுகிறோம், தேவாரத்தை ஓதுகிறோம், பயந்த குழந்தைக்குத் தண்ணீர் ஓதிக் கொடுக்கிறோம். குரோலிக்குத் தமிழ் தெரிந்திருந்தால் எபிரேய எழுத்துகளைப் பார்த்து அவ்வளவு கோபப்பட்டிருக்க மாட்டாரோ என்னவோ. கபாலா மரபில் உலகம் அந்த இருபத்திரண்டு எழுத்தால் ஆனது. எழுத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்றால் மிச்சம் எதையும் மறைத்துவைக்கவில்லை என்றுதான் அர்த்தம். கெட்டிக்கார மாணவனுக்கு மட்டும் இது புரியாது. ஒப்பித்துவிட்டதாலேயே தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வான்.

பொன் விடியலின் பயிற்சிகளில் என்னை மிகவும் கவர்ந்தது ஒரு அட்டைக்கட்டு. கவிஞர் யேட்ஸ் அந்தச் சங்கத்தில் 1890இல் சேர்ந்தார். மேதர்ஸ் ஒரு நாள் அட்டையில் வரைந்த குறி ஒன்றை அவரிடம் கொடுத்துக் கண்ணை மூடச் சொன்னாராம். யேட்ஸுக்கு ஒரு பாலைவனமும், இடிபாடுகளுக்கு நடுவே இரு கைகளாலும் ஊன்றி எழும் கறுத்த பூதமும் தெரிந்ததாக எழுதுகிறார். நெருப்பின் குறியைத்தான் கொடுத்தேன் என்றார் மேதர்ஸ். இந்த அட்டைகள் இங்கிருந்து போனவை. பிருதிவிக்கு மஞ்சள் சதுரம், அப்புவுக்கு வெள்ளிப் பிறை, தேயுவுக்குச் சிவப்பு முக்கோணம், வாயுவுக்கு நீல வட்டம், ஆகாயத்துக்குக் கருமுட்டை. ராம பிரசாத் என்ற இந்தியர் தியாசபிகாரர்களுக்காக எழுதிய புத்தகத்திலிருந்து இந்தப் பஞ்சபூதக் குறிகளை லண்டன்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

செய்முறை எளிது. சிவப்பு முக்கோணத்தை இமைக்காமல் உற்றுப் பார்க்க வேண்டும். பிறகு பார்வையை வெள்ளைச் சுவருக்கு மாற்ற வேண்டும். பச்சை நிறத்தில் ஒரு முக்கோணம் சுவரில் மிதக்கும். கண்ணின் விழித்திரை களைத்துப்போவதால் வருவது. எந்த அறிவியல் ஆசிரியரும் விளக்கிவிடுவார். அதற்குப் பிறகு கண்ணை மூடி, அந்த முக்கோணத்தை ஒரு வாசலாகப் பெரிதாக்கி உள்ளே நுழைவதாகப் பாவிக்க வேண்டும். இந்தப் பயிற்சியை அமைத்தவர் யாராக இருந்தாலும் வகுப்பறை அறிந்தவர். தொடக்கக்காரனுக்கு முதல் அடி கட்டாயம் பலிக்க வேண்டும். பச்சை முக்கோணம் எல்லோருக்கும் தெரியும்; நம்பிக்கையில்லாதவனுக்கும் தெரியும். அடுத்த அடி எல்லோருக்கும் வராது. உறுதியாக வருவதற்கும் வராமல் போகக்கூடியதற்கும் நடுவில் மாணவனை நிறுத்திவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்கிறார். நான் கணக்கில் இப்படி ஒன்றைத் தேடிப் பல வருடம் அலைந்திருக்கிறேன். காகிதத்தை மடித்து முக்கோணத்தின் மூன்று கோணங்களையும் ஒரு நேர்கோட்டில் சேர்ப்பது ஓரளவு அதற்குச் சமம்.

யேட்ஸ் பற்றி இன்னொன்று. பொன் விடியலுக்கு வந்த சமயத்தில் அவர் தியாசபிகல் சொசைட்டியின் அந்தரங்கப் பிரிவிலும் இருந்தார். அங்கே தத்துவம் படிக்கலாம், செய்து பார்க்கக்கூடாது. அவர் சும்மா இருக்கவில்லை. பூவை எரித்த சாம்பலைக் கண்ணாடிக் கூண்டுக்குள் நிலா வெளிச்சத்தில் வைத்தால் பூவின் ஆவி எழும் என்று பழைய நூல் சொன்னதை எல்லோரையும் சோதித்துப் பார்க்கத் தூண்டினார். பூ எழவில்லை. 1890இல் யேட்ஸைத்தான் எழுந்து போகச் சொன்னார்கள்.

இந்தப் பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியை என்று யாரைச் சொல்வது என்றால், ஃபுளோரன்ஸ் ஃபார். நாடக நடிகை. பெர்னார்ட் ஷாவின் நாடகங்களில் நடித்தவர். குரல்தான் அவருடைய சொத்து. பின்னாளில் நரம்புக் கருவி ஒன்றை மீட்டிக்கொண்டு யேட்ஸின் கவிதைகளை ராகமும் பேச்சுமாக இசைத்தவர். சங்கத்தில் கடவுட்பெயர்களை உச்சரிப்பதற்கென்று ஒரு முறை உண்டு. மூச்சை நிரப்பிக்கொண்டு, பெயர் உடம்பெங்கும் அதிர்வதுபோல் நீட்டி ஒலிக்க வேண்டும். அதை ஒரு நடிகையிடம் கற்பது எவ்வளவு பொருத்தம்! லண்டன் கோயிலின் கற்பித்தல் தலைவராக இருந்தார். 1897இல் வெஸ்ட்காட் விலகிய பிறகு இங்கிலாந்து முழுவதற்கும் தலைவரானார்.

ஃபார் பொறுப்பேற்றதும் தேர்வுகள் தளர்ந்தன. தனக்கு நெருங்கியவர்களைக் கொண்டு தனிக்குழு ஒன்றும் அமைத்து, அட்டைகளையும் குறிகளையும் வைத்து இரகசியமாகப் பயிற்சி செய்துவந்தார். 1900இல் பெரிய சண்டை. பாரிஸிலிருந்த மேதர்ஸை லண்டன்காரர்கள் ஒதுக்கினார்கள். அவர் தரப்பில் குரோலி வந்து சங்கத்தின் அறைகளைக் கைப்பற்றப் பார்த்தார். போலீஸ் வரை போயிற்று. அந்தக் கலவரத்துக்குப் பின் முன்னாள் உறுப்பினர் ஆனி ஹார்னிமன் திரும்ப வந்து பதிவேடுகளைக் கையிலெடுத்தார். டப்ளின் ஆபி நாடக அரங்குக்குப் பின்னாளில் பணம் கொடுத்த அதே ஹார்னிமன். யார் எந்தத் தேர்வு எழுதினார், யார் எழுதாமலே மேலே போனார் என்று பார்த்தால் ஏடு முழுக்கக் குளறுபடி. அவர் கொதித்துப்போனார். 1901இல் யேட்ஸ் அவர் பக்கம் நின்று சங்கத்தாருக்கு ஒரு சிறு நூலே எழுதினார். படிநிலைகளும் தேர்வும் போய்விட்டால் இது மந்திர சங்கமாக இருக்காது, நண்பர்கள் கூடும் மன்றமாகிவிடும் என்பது அவர் வாதத்தின் சாரம். கவிஞர் தேர்வு வேண்டும் என்கிறார், தலைமையாசிரியை வேண்டாம் என்கிறார். ஒரு பெண்மணி வருகைப்பதிவேட்டை வைத்துக்கொண்டு கத்துகிறார். எங்கள் ஆசிரியர் அறையில் இந்தக் காட்சியை நான் பல தரம் பார்த்திருக்கிறேன். நாடகம்தான் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை.

நான் யார் பக்கம் என்று கேட்டால், ஏடு விஷயத்தில் ஹார்னிமன் பக்கம். ஏடு இல்லாத இடத்தில் ஆசிரியருக்குப் பிடித்த பிள்ளை மேலே போய்விடும், வேறெதுவும் நடக்காது. தேர்வு விஷயத்தில் ஃபார் பக்கம். குறிகளை ஒப்பித்து எழுதி வாங்கிய மதிப்பெண் அந்தப் பச்சை முக்கோணத்துக்கு அப்பால் ஒருவன் என்ன செய்தான் என்பதைச் சொல்லாது. ஆனால் தேர்வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பது? ஃபார் நெருங்கிய வட்டத்தை வைத்தார். அதுதான் தவறாகப் போயிற்று. 1901 இறுதியில் வேறொரு விபரீதம். ஹோரோஸ் என்று பெயர் வைத்துக்கொண்ட தம்பதி மேதர்ஸிடமிருந்து சடங்குத் தாள்களைப் பெற்று, லண்டனில் தாங்களே புதியவர்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள். வந்த பெண்களுக்கு நடந்த கொடுமை நீதிமன்றத்துக்குப் போயிற்று. இருவரும் சிறைக்குப் போனார்கள். சங்கத்தின் சத்திய வாசகம் பத்திரிகைகளில் சிரிப்புக்கிடமாயிற்று. கண்ணைக் கட்டிக்கொண்டு வருகிற புதியவர் எவ்வளவு பலவீனமான நிலையில் இருக்கிறார் என்பதற்கு இதற்கு மேல் சான்று தேவையில்லை. 1902 தொடக்கத்தில் ஃபார் சங்கத்தைவிட்டு விலகினார்.

தேர்வின் இடத்தில் என்ன வைப்பது என்பதற்கு ஒரு பதில் இலங்கையிலிருந்து வந்தது. குரோலிக்கு லண்டனில் ஆசானைப் போல இருந்தவர் ஆலன் பென்னட், பொன் விடியலின் மதிப்புமிக்க உறுப்பினர், கடுமையான ஆஸ்துமாக்காரர். லண்டன் குளிர் தாங்காமல் 1900 வாக்கில் இலங்கைக்குப் போனார். அங்கே பொன்னம்பலம் இராமநாதனின் பிள்ளைகளுக்கு ஆசிரியராக அமர்ந்தார். இராமநாதன் அப்போது இலங்கை அரசின் சொலிசிட்டர் ஜெனரல். தஞ்சாவூர் அருட்பரானந்தரின் சீடர். பரானந்தர் என்ற பெயரில் மத்தேயு, யோவான் சுவிசேஷங்களுக்குச் சைவக் கண்ணோட்டத்தில் உரை எழுதியவர். பிள்ளைகளுக்கு ஆங்கிலேயர் பாடம் சொல்ல, ஆங்கிலேயருக்குத் தகப்பனார் யோகம் சொல்லிக்கொடுத்தார். 1901இல் குரோலி வந்து சேர்ந்தார். கண்டியில் பங்களா எடுத்துக்கொண்டு பென்னட்டிடம் ஆசனமும் பிராணாயாமமும் தாரணையும் கற்றார். பென்னட் பர்மாவுக்குப் போய் பிக்குவானார். குரோலி இந்தியாவுக்கு வந்து மதுரையில் கோவணமும் திருவோடுமாக உட்கார்ந்திருந்ததாகவும், கோயிலின் இரகசிய சந்நிதி ஒன்றில் பவானிக்கு ஆடு பலி கொடுத்ததாகவும் எழுதிவைத்திருக்கிறார். மதுரைக்காரர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம்.

1907இல் அவர் தன் சொந்தச் சங்கத்தைத் தொடங்கி, 1909இல் தொடக்கக்காரர்களுக்குப் பயிற்சிக் கையேடு ஒன்றை அச்சிட்டார். எழுத்துகளைப் பார்த்துக் கொதித்த அதே ஆள் புதியவர்களுக்கு என்ன கொடுத்தார் தெரியுமா? நோட்டுப்புத்தகம். எந்தப் பயிற்சி செய்தாலும் செய்த உடனே எழுத வேண்டும். நேரம், இடம், வானிலை, உடம்பும் மனமும் இருந்த நிலை, எல்லாம். அதற்குப் பிறகுதான் ஆசனம். ஒரு நிலையில் அசையாமல் உட்கார வேண்டும். தேறியதற்கு அடையாளம், விளிம்புவரை தண்ணீர் நிரப்பிய சிறு தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஒரு சொட்டும் சிந்தாமல் இருப்பது. அப்புறம் தாரணை. மறுபடியும் அதே மஞ்சள் சதுரம், சிவப்பு முக்கோணம். மனம் எத்தனை தரம் நழுவியது என்று எண்ணி எழுத வேண்டும்.

தேர்வு வைக்கும் எவரையும் வெட்கப்படுத்தும் ஏற்பாடு இது. தட்டைத் தலையில் வைத்தவனுக்குக் கண்காணிப்பாளர் தேவையில்லை. சட்டை நனைந்தால் தெரிந்துவிடும். நழுவிய எண்ணிக்கையை அவனே எழுதுகிறான். பொய் எழுதினால் அடுத்த மாதம் தன்னையே புரட்டிப் படிக்கும்போது பொய் பல்லிளிக்கும். நான் கடைசிப் பத்து வருடம் பிள்ளைகளிடம் தவறுநோட்டு என்று ஒன்று வைக்கச் சொன்னேன். தப்பாகப் போட்ட கணக்கை அடிக்காமல், கிழிக்காமல், எங்கே சறுக்கியது என்று பக்கத்தில் எழுத வேண்டும். ஆய்வுக்கு வந்த அதிகாரிக்கு அது பிடிக்கவில்லை. பிழைகளை ஏன் சேர்த்துவைக்கிறீர்கள் என்றார். குரோலியை மேற்கோள் காட்டிப் பதில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்துச் சிரித்துக்கொள்கிறேன்.

அதே மனிதர் மறுவருடம் அச்சிட்ட இன்னொரு பயிற்சியை என்னால் மன்னிக்க முடியவில்லை. ஏதேனும் ஒரு சொல்லை, உதாரணமாக நான் என்பதை, ஒரு வாரம் சொல்வதில்லை என்று விரதம் எடுக்க வேண்டும். வாய் தவறும்போதெல்லாம் சவரக்கத்தியால் கையில் ஒரு கீறல். அதையும் கணக்கு வைக்க வேண்டும். சுயக்கட்டுப்பாட்டுக்காம். நானும் பிரம்பு வைத்திருந்தவன்தான், முதல் எட்டு வருடம். பிரம்பால் வாய்ப்பாடு வரும் என்பது உண்மை. வாய்ப்பாட்டோடு என்னென்ன வந்தது என்று அந்தப் பிள்ளைகள் இன்று நரைத்த தலையோடு கடைத்தெருவில் எதிரே வந்து சிரிக்கும்போது தெரிகிறது. அவர்கள் சிரிப்பார்கள். எனக்குத்தான் கண் கீழே போகும். நோட்டுப்புத்தகத்தைக் கண்டுபிடித்தவர் கத்தியையும் ஏன் எடுத்தார்? மாணவனை நம்பத் தொடங்கிய ஆசிரியர் பாதி வழியில் பயந்துவிட்டார் என்றுதான் எனக்குப் படுகிறது.

இரகசியம் என்பது முப்பதுகளின் இறுதியில் போயிற்று. இஸ்ரேல் ரெகார்டி 1937 முதல் 1940 வரை பொன் விடியலின் சடங்குகளையும் பாட உரைகளையும் நான்கு தொகுதிகளாக அச்சில் போட்டுவிட்டார். மின்னல் எதுவும் இறங்கவில்லை. வகுப்பும் அழியவில்லை. அச்சில் எல்லாம் கிடைத்த பிறகும் மனிதர்கள் ஒரு அறையில் கூடி இன்னொருவர் சொல்லக் கற்கவே விரும்பினார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1980 வாக்கில் ஸ்டார்ஹாக்கும் டயன் பேக்கரும் பெண்களுக்காக நடத்திய மந்திரத் தொடக்க வகுப்பிலிருந்து ரீக்ளெய்மிங் என்ற இயக்கமே வளர்ந்தது. அவர்களுடைய அடிப்படை வகுப்பில் காற்று, நெருப்பு, நீர், மண் என்று வாரத்துக்கொரு பூதம் வரும். முதுகெலும்பிலிருந்து வேர் இறங்கி மண்ணுக்குள் போவதாகப் பாவித்து உட்காருவது ஆரம்பப் பயிற்சி. கண்கட்டு இல்லை, சாவுச் சத்தியம் இல்லை. அவர்களிடம் நான் பொறாமைப்படுவது ஒன்றே ஒன்று: வகுப்பை இரண்டு பேர் சேர்ந்து நடத்துகிறார்கள். ஒருவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது மற்றவர் முகங்களைப் பார்க்கலாம். யார் மிரள்கிறார், யார் நடிக்கிறார், யார் தூங்கிவிட்டார் என்று தெரியும். ஒருவருக்கே எல்லோரும் அடிமையாவதும் குறையும். நம்மூரிலும் ஈராசிரியர் பள்ளி உண்டு. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர்.

ஃபாரை நடுவழியில் விட்டுவிட்டேன். முன்பே லண்டனில் இராமநாதனை அவர் சந்தித்திருந்தார். அந்தச் சந்திப்பு அவருக்குள் கிடந்திருக்க வேண்டும். இராமநாதன் யாழ்ப்பாணத்தில் சைவப் பெண்பிள்ளைகளுக்கென்று கல்லூரி தொடங்கத் திட்டமிட்டபோது, தலைமை ஏற்க ஃபாரை அழைத்தார். 1912இல், ஐம்பத்திரண்டு வயதில், நாடகம், நண்பர்கள், லண்டன் எல்லாவற்றையும் விட்டு அவர் கப்பலேறினார். 1913இல் மருதனார்மடத்தில் கல்லூரி திறந்தது. எகிப்திய மந்திரத்தைப் பற்றிப் புத்தகம் எழுதியவர், ஐரிஷ் கவிஞருக்குக் குரல் கொடுத்தவர், கடவுட்பெயர்களை அதிர ஒலிக்கச் சொல்லிக்கொடுத்தவர், பனைமரங்களுக்கு நடுவே யாழ்ப்பாணத்துச் சிறுமிகளின் பள்ளியில் மணியடித்ததும் எழுந்து நின்றார். படிநிலை, தேர்வு, ஏடு, ஒழுங்கு என்று எதை எதையெல்லாம் லண்டனில் தளர்த்தினாரோ அவையெல்லாம் மேசைமேல் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும். காலைப் பிரார்த்தனையில் பிள்ளைகள் தேவாரம் ஓதுவதை அவர் எப்படிக் கேட்டிருப்பார் என்று யோசிக்கிறேன். எந்தச் சொல் நெஞ்சில் அதிர்கிறது, எது பல்லில் நின்றுவிடுகிறது என்று அந்தக் காதுக்குத் தமிழ் தெரியாமலே தெரிந்திருக்கும்.

1917 ஏப்ரலில் கொழும்பில் புற்றுநோயால் இறந்தார். இலங்கைக்குக் கிளம்புமுன் யேட்ஸும் ஷாவும் தனக்கு எழுதிய கடிதங்களைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, தான் இறந்த பிறகு திறக்கும்படி ஒரு நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அவை 1941இல் புத்தகமாயின. மேதைகள் ஒரு நடிகைக்கு என்ன எழுதினார்கள் என்பது இப்போது எல்லோருக்கும் கிடைக்கிறது.

இராமநாதன் கல்லூரி இன்றும் நடக்கிறது. யாழ்ப்பாணத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அங்கே முதல் சில வருடங்களில் படித்த உங்கள் பாட்டி, பூட்டியின் வகுப்பு நோட்டுப்புத்தகம் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால், பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். முதல் நாள் பாடம் என்ன என்று மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.